பிரஷருக்குச் சவாசனம்: எவ்வளவு நம்பலாம்?

தாராபுரத்திலிருந்து பஸ் ஏறித் திருப்பூர் போய், ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் மிஷினில் குனிந்து கிடந்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவரிடம், "டென்ஷனைக் குறைங்க, பிரஷர் தானா இறங்கும்" என்று சொல்வது சுலபம். எவ்வளவு இறங்கும் என்று யாரும் சொல்வதில்லை.

பம்பாயில் இதய மருத்துவர் கே.கே. தாதே குழுவினர் இதைச் சோதித்து 1969-லேயே வெளியிட்டார்கள். பிரஷர் உள்ள 47 பேரைச் சவாசனத்தில் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். பலருக்கு அழுத்தம் இறங்கியது. சிலருக்கு மாத்திரையையும் குறைக்க முடிந்தது. பின்னால் தளர்வுப் பயிற்சிகள் பற்றி உலகெங்கும் நடந்த 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அலசல் (2008), சராசரியாக மேல் எண் 5.5, கீழ் எண் 3.5 அளவு இறங்குவதாகச் சொன்னது. ஒப்பிடுவதற்குப் போலிப் பயிற்சி கொடுத்த ஆய்வுகளிலோ அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்ல முடியாதபடி சுருங்கிவிட்டது. யோகா மாஸ்டர்கள் கோபித்துக்கொண்டாலும் கணக்கு இதுதான்: 160 இருப்பவர் 155-க்கு வரலாம். 140-க்குக் கீழே வர அது போதாது.

அதற்காக வீண் வேலை என்று ஒதுக்க வேண்டாம். பீஸ் ரேட்டுக்கு ஓடுகிறவர் படுத்த பிறகு கவனித்தால் தெரியும்: தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியே நிற்கும், பல் கடித்தபடி இருக்கும். பதற்றத்தில் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் வேகமாக அடிக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக இழுத்து, அதைவிட மெதுவாக விடும்போது இரண்டும் தணிகின்றன. ஆழியாறு வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை கற்றவர்களுக்கு இது புதிதல்ல. அதன் உடற்பயிற்சி வரிசை முடிவதே உடல் தளர்த்தலில்தான். கால் விரலில் தொடங்கி நெற்றி வரை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே வரவேண்டும். பிரஷர் கட்டுப்படாதவர்கள் மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபதியையும் மூச்சை அடக்குவதையும் விட்டுவிடுவது நல்லது.

பயிற்சி முடித்த கையோடு பார்க்கும் அளவை நம்பக் கூடாது. வேறொரு நேரத்தில், டீ குடித்து அரை மணி கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பார்த்து நோட்டில் எழுதுங்கள். சில வாரங்கள் குறைவாகவே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பது அவர் வேலை. ஒரு பக்கக் கை திடீரென்று சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ சவாசனம் போட்டுக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.