காட்டுக் கீரையும் ஒரு பாடம்

மலை ஊரான கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் அறக்கட்டளை 1993 முதல் இயங்கி வருகிறது. தேன், சிறுதானியம், பழங்குடி மக்களின் வாழ்வாதாரம் எனப் பலவற்றில் பணி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இங்கே ஒரு களக் கல்வி மையத்தையும் நடத்தியது. கார்னெல் மாணவர்களும் நம் மலைக் கிராமங்களின் பழங்குடி இளைஞர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். காட்டு உணவும் குழந்தைகளின் ஊட்டமும் அவர்கள் எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் ஒன்று.

எந்தக் கீரையைப் பறிக்கலாம், எந்தக் கிழங்கை எப்போது தோண்டலாம் என்பதை ஒரு இருளர் பழங்குடிப் பாட்டியிடம் கேட்டால்தான் தெரியும். குறும்பர் பழங்குடியினர் பாறைத் தேன் எடுக்கும் முறையும் அப்படியே. கொடியேணியில் இறங்கி, புகை போட்டு, தேனீயை விலக்கி அடையை அறுப்பார்கள். பல்கலைக்கழகம் இவர்களைத் தேடி வந்தது மிகச் சரியான காரியம்.

காட்டு உணவைப் போலவே நாம் மறந்த இன்னொன்று சாமை என்ற சிறுதானியம். அது நம் தட்டிலிருந்து விலகியதற்கு ருசி காரணமல்ல. இறுக ஒட்டிய உமியை உரலில் குத்திக் குத்திப் பெண்களின் கை ஓய்ந்தது. அரிசியோ ரேஷன் கடையில் சுலபமாகக் கிடைத்தது. இன்று உமி நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன.

எனவே, கல்லூரி விடுதி நடத்துபவர்களே, வாரத்தில் ஒரு நாளாவது சாமைச் சோறும் உள்ளூர்க் கீரையும் பரிமாறுங்கள். தானியத்தை நம் மலை விவசாயிகளிடமே நேரடியாக வாங்குங்கள்.