வெளியூரில் காய்ச்சலும் பேதியும் கண்டால்

சொந்த ஊரில் நமக்குச் சுகவீனம் நேர்ந்தால், கஞ்சி வைத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் இருப்பார்; பழகிய வைத்தியரும் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். மும்பையிலோ, தில்லியிலோ, கொல்கத்தாவிலோ வாடகை அறையில் தனித்து வாழ்வோருக்கு அவ்வசதி இல்லை. நள்ளிரவில் காய்ச்சல் அடித்து வயிறும் போகத் தொடங்கினால், விடியும் வரையில் தமக்குத் தாமே துணை. ஆகவே அவ்வேளையில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை நாம் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

அசுத்தமான நீர், ஈ மொய்த்த பண்டம், கழுவாத கை ஆகியவற்றின் வழியே கிருமிகள் குடலை அடைகின்றன. அவற்றை எதிர்க்கும் முயற்சியில் உடல் தன் வெப்பத்தை உயர்த்துகிறது, அதுவே காய்ச்சல். தாக்குண்ட குடல், நீரை உறிஞ்சிக்கொள்ளாமல் வெளியே தள்ளுகிறது, அதுவே பேதி. பெரும்பாலும் இது சில நாட்களில் தானே தணிந்துவிடும். அதற்குள் உயிருக்கு ஆபத்தாய் முடியக்கூடியது, உடலை விட்டு வெளியேறும் நீரும் உப்புமேயாகும்.

“குடித்தால் இன்னும் போகும்” என்று எண்ணி நம்மில் பலர் தண்ணீரையும் நிறுத்திப் பட்டினி கிடக்கிறோம். இஃது எத்துணைப் பிழை என்பதை 1971ஆம் ஆண்டு வங்காளத்தில் நிகழ்ந்தது காட்டும். அவ்வாண்டின் போரில் அகதிகளாய் வந்தோர் தங்கியிருந்த பன்காவ்(ன்) முகாமில் காலரா என்னும் வாந்திபேதி பரவியது. நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீருக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பார் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினரே அதனைப் புகட்டினர். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில், மரணம் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயிற்று. அவர் 2022இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

இதன் சூட்சுமம் எளிது. வெறும் உப்பைக் குடல் நன்கு ஏற்பதில்லை. சர்க்கரை உடன் சேர்ந்தால் குடல் இரண்டையும் ஒருசேர உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. பேதி கடுமையாயிருக்கும் போதும் இவ்வழி அடைபடுவதில்லை.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இக்கலவையே. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு தண்ணீரிலேயே அதனைக் கரைத்தல் வேண்டும். பொட்டலம் இல்லையெனில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டிய சர்க்கரை 6 கரண்டியும், உப்பு அரைக் கரண்டியும் கரைக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்கு விளையும். பேதியாகும் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் அருந்துக. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, சிறுகச் சிறுகப் பருகுக. கரைத்ததை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்தல் ஆகாது. இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையோர் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். உப்பிட்ட கஞ்சி, மோர், இட்லி, வாழைப்பழம் இவற்றை இயன்ற அளவு உண்ணலாம், பட்டினி வேண்டா.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணிக்கு ஒரு முறை போதும். ஆஸ்பிரின், ஐபூபுரோஃபென் போன்றவற்றை நாமாக உண்ணலாகாது. வந்திருப்பது டெங்குவாயின் அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். கடைக்காரர் தரும் ‘ஆன்டிபயாடிக்’ மாத்திரையும் வைத்தியர் சொல்லாமல் வேண்டா. காய்ச்சலோ இரத்தமோ இருக்கையில், பேதியைக் கட்டும் மாத்திரையை நாடுவது கேடு.

மலத்தில் இரத்தம், அரிசி கழுநீர் போன்ற பேதி, 102 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், ஏழெட்டு மணி நேரம் சிறுநீர் பிரியாமை, எதைக் குடித்தாலும் வாந்தி, கடும் வயிற்றுவலி, மயக்கம், தடுமாற்றமான பேச்சு இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்க. பேதி இரண்டு நாளில் குறையாவிடினும், காய்ச்சல் மூன்றாம் நாளும் நீடித்தாலும் வைத்தியரைக் காணல் வேண்டும். டைபாய்டும் மலேரியாவும் இவ்வாறே தொடங்குவதுண்டு. முதியோரும் கர்ப்பிணிகளும் நீரிழிவு உடையோரும் இன்னும் முன்னதாகவே செல்வது நன்று.

மொழி தெரியாத இடத்தில் நோயைச் சொல்வதே பாதித் தொல்லை. இந்தியில் காய்ச்சல் ‘புகார்’. நமக்கு அது முறையீடு போல் ஒலிப்பினும் மறவாதிருப்போம். பேதி ‘தஸ்த்’, இரத்தம் ‘கூன்’. மராட்டியில் காய்ச்சல் ‘தாப்’, பேதி ‘ஜுலாப்’. எத்தனை முறை போயிற்று, கடைசியாகச் சிறுநீர் எப்போது பிரிந்தது என்னும் இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் வைத்தியருக்குப் பேருதவியாகும்.

நாலைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு பாராசிட்டமால் அட்டை, ஒரு வெப்பமானி ஆகியவை நம் அறையில் எப்போதும் இருக்கட்டும். அடுத்த அறையில் உள்ளவர் எம்மொழியினராயினும், இரவில் கதவைத் தட்டத்தக்க அளவுக்கு அவரோடு பழகி வைத்திருப்போம். பன்காவ்(ன்) முகாமில் கலவையைக் கொடுக்கச் செய்தவர் மருத்துவரே. ஆயினும் அதனை ஒவ்வொரு வாயாகப் புகட்டிக் காத்தவை, பக்கத்தில் இருந்தோரின் கைகளே.