லோரி உபயம் செய்வோர் கவனத்திற்கு

திருவிழா அழைப்பிதழில் உபயப் பட்டியலை நோக்குவோர் அபிஷேகப் பொருட்கள், மலர் அலங்காரம், அன்னதானம், நாதஸ்வரம் என்னும் வரிசையின் கீழ், பெரும்பாலும் கடைசி வரியாக, ‘லோரி உபயம்’ என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த ஒரு வரியின் பின்னே எத்துணை உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை ஆலய நிர்வாகத்தில் இருப்போர் மட்டுமே அறிவர். பந்தல் சாமான்களையும் அண்டா குண்டாக்களையும் ஏற்றி வருவது, வாழை மரங்களைக் கொண்டு வருவது, ஜெனரேட்டரைச் சுமப்பது, தண்ணீர் பந்தலுக்கு ஐஸ் கட்டிகளைச் சேர்ப்பது, இறுதியில் இரவு இரதத்தையே இழுத்துச் செல்வது ஆகிய அனைத்தும் அந்த லோரியின் பணிகளாகும். அதன் உரிமையாளர் பெருஞ்செல்வர் அல்லர். காய்கறி வியாபாரி, மின்சாரக் குத்தகைக்காரர், பழைய இரும்பு வாங்கி விற்பவர் போன்ற சிறுதொழில் அன்பர்களே இந்தக் கைங்கர்யத்தை ஆண்டுதோறும் செய்து வருகின்றனர்.

அத்தகைய அன்பர்களின் பிழைப்புக்கே இடையூறு நேரக்கூடிய சில சட்ட நுட்பங்கள் இதில் இருப்பதால், அவற்றைத் திருவிழாக் காலம் தொடங்குமுன் எடுத்துரைப்பது கடமையெனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலாவது, இழுத்துச் செல்லும் காரியம். பினாங்கில் நகரத்தார் வெள்ளி இரதம் காளைகள் பூட்டி இழுக்கப்படுவதை நாம் அறிவோம். ஆனால் நாட்டின் எண்ணற்ற சிற்றாலயங்களிலும் தோட்டத்து ஆலயங்களிலும் காளைகளுக்கு வழியில்லை. நெடுந்தொலைவு வடம் பிடிப்பதற்கும் ஆள் போதாது. ஆகவே பழைய வாகனமொன்றின் அடிச்சட்டத்தின் மீது மரத்தாலோ இரும்பாலோ இரதம் அமைத்து, அதனை ஒரு லோரியின் பின்னால் கம்பி கொண்டு பிணைத்து இழுத்துச் செல்லும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. நமது கண்ணுக்கு அது அம்பாள் எழுந்தருளும் தேர். சட்டத்தின் கண்ணுக்கோ அது மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் டிரெய்லர் ஆகும்.

இந்த வேறுபாட்டின் முழுக்கனமும் காப்புறுதிப் பத்திரத்தில்தான் வெளிப்படுகிறது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சாலையில் செல்லும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திற்கும் மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதி கட்டாயமாகும். ஆனால் அந்தக் காப்புறுதிச் சான்றிதழில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்றொரு பகுதி உண்டு. பொடி எழுத்தில் இருக்கும் அதனைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. சரக்கு லோரிகளுக்கு வழங்கப்படும் பல சான்றிதழ்களில், உரிமையாளரின் சொந்தத் தொழிலுக்கு மட்டுமே வாகனத்தைப் பயன்படுத்தலாம் என்றும், டிரெய்லர் இழுக்கும் வேளையில் காப்பு இல்லை என்றும் கூறப்பட்டிருக்கும். பழுதடைந்த வாகனமொன்றைக் கூலி பெறாமல் இழுப்பதற்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. இரதம் பழுதடைந்த வாகனம் அன்று என்பதை எந்தக் காப்புறுதி நிறுவனமும் எளிதில் எடுத்துக்காட்டிவிடும். சரிவான பாதையில் கம்பி கழன்று, இரதம் பின்னோக்கி உருண்டு, வருவோர் மீது மோதினால் இழப்பீட்டுச் சுமை முழுவதும் லோரி உரிமையாளரின் தலையில் விழக்கூடும். கடனில் வாங்கிய லோரியும் குடியிருக்கும் வீடும் அதில் போய்விடலாம்.

போலீசார் முன்னே மோட்டார் சைக்கிளில் வழிவிட்டுச் செல்கிறார்களே, அதன்பிறகு என்ன பயம் என்று சிலர் கேட்கின்றனர். ஊர்வலத்திற்குப் போலீசார் தரும் அனுமதி வேறு, காப்புறுதி நிறுவனம் ஏற்றுக் கொள்ளும் பொறுப்பு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

எங்கள் வட்டாரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் இதனை முறையாகக் கையாண்டார். திருவிழாவிற்கு ஒரு மாதத்திற்கு முன்னரே தமது காப்புறுதி முகவரை அணுகி, இன்ன நாளில், இன்ன பாதையில், ஆலய இரதத்தை இழுக்கப் போகிறேன், அதற்குக் காப்பு உண்டா என்று கடிதம் மூலமாகவே கேட்டார். முகவர் முதலில் வாய்மொழியாக ‘பரவாயில்லை, போங்கள்’ என்றாராம். வியாபாரி விடவில்லை. எழுத்தில் தாருங்கள் என்று நின்றார். எழுத்தில் கேட்டதும்தான் பதில் மாறியது. கூடுதல் கட்டணம் செலுத்தி இணைப்புச் சான்று பெற்றாலன்றிக் காப்பு இல்லை என்று நிறுவனம் தெரிவித்தது. அந்தக் கூடுதல் கட்டணத்தை ஆலயமே செலுத்தியது. அதுவே நியாயமும் ஆகும். கைங்கர்யம் செய்ய வந்தவரிடம் காப்புறுதிச் செலவையும் சுமத்துதல் முறையன்று என்பது எனது தாழ்மையான கருத்து.

இரண்டாவது, லோரியின் மீது ஆட்களை ஏற்றுவது. இதுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. உறுமி மேளக் குழுவினர், பூசைத் தட்டு ஏந்தும் பெண்கள், எல்லாவற்றிற்கும் மேலாகச் சிறுவர் சிறுமியர், திறந்த லோரியின் பின்புறம் நின்றுகொண்டு வருகின்றனர். சரக்கு லோரியின் பின்தட்டு சரக்குக்கென்றே அமைந்தது. மேலும், சட்டம் கட்டாயப்படுத்தும் காப்புறுதியானது சாலையில் செல்லும் பிறருக்கே உரியது. வேலை ஒப்பந்தத்தின் காரணமாக ஏற்றிச் செல்லப்படுவோர் போன்ற சிலர் நீங்கலாக, வாகனத்தில் ஏறிச் செல்வோரை அது காக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆகவே லோரியிலிருந்து தவறி விழும் குழந்தைக்குச் சல்லிக் காசும் கிடைக்காமற் போகலாம். குழந்தைகள் இரதத்தின் பின்னால் பெற்றோரின் கைபிடித்து நடந்து வரட்டும். நடக்க இயலாதோர்க்கு வேன் ஒன்றினைத் தனியே ஏற்பாடு செய்வது பெரிய செலவன்று.

மூன்றாவது, ஓட்டுநர். டி வகுப்பு உரிமம் சுமையற்ற எடை 3,500 கிலோகிராமுக்கு மேற்படாத வாகனங்களுக்கு உரியது. அதற்கு மேற்பட்டவை இ வகுப்புகளில் அடங்கும். இதனோடு சரக்கு லோரி ஓட்டுவோர் ஜி.டி.எல். எனப்படும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமத்தையும் பெற்றிருத்தல் வேண்டும். டிராக்டருக்கு வேறு வகுப்பு. திருவிழா இரவில் உரிமையாளர் களைத்துப் போனதும், ‘நான் ஓட்டுகிறேன் அண்ணே’ என்று முன்வரும் இளைஞரிடம் இவையெல்லாம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. களைப்பும் சாதாரணமானதன்று. விடியற்காலை செலாயாங் மொத்தச் சந்தைக்குச் சென்று காய்கறி ஏற்றி, பகலெல்லாம் விற்று, மாலையில் இரதத்தின் முன் வந்து நிற்பவர் நள்ளிரவு வரை நடைவேகத்தில் லோரியைச் செலுத்துகிறார். உரிமம் பெற்ற மாற்று ஓட்டுநர் ஒருவரை ஆலயமே முன்கூட்டி அமர்த்த வேண்டும். பெயரையும் காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவித்தல் நலம்.

லோரிக் கதவில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும் இரண்டு எடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று சுமையற்ற எடை, மற்றொன்று சுமையோடு கூடிய எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்த லோரி சுமக்கத்தக்க அளவு. ஜெனரேட்டர், நீர்த்தொட்டி, ஒலிபெருக்கிகள், அரிசி மூட்டைகள் என்று ஏற்றிக்கொண்டே போனால் அந்த அளவு விரைவில் மீறப்பட்டுவிடும். 2025-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் தெலுக் இந்தானில் நிகழ்ந்ததை நம்மவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சித்ரா பௌர்ணமி விழாவில் பாதுகாப்புப் பணியாற்றித் திரும்பிய எப்.ஆர்.யூ. படையினரின் வாகனத்தின் மீது கற்கள் ஏற்றி வந்த லோரி மோதி, ஒன்பது பேர் உயிரிழந்தனர். அந்த லோரியின் திசைமாற்றியில் ஏற்பட்ட கோளாறும் அளவுக்கு மீறிய சுமையும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டன. அது ஆலயத்து லோரி அன்று. விழாவிற்கு வந்த லோரியும் அன்று. ஆனால் நம் திருவிழாவைக் காத்துவிட்டு வீடு திரும்ப வேண்டியவர்கள் அவர்கள். சரக்கு வாகனங்களுக்கு ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதனை விதிக்கப்பட்டிருப்பதன் காரணத்தை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. பரிசோதனைத் தேதி கடந்த லோரியை, அதன் உரிமையாளர் எவ்வளவு வேண்டியவராயினும், உபயமாக ஏற்கலாகாது.

ஆலயம் தரும் ‘எண்ணெய்க் காசு’ பற்றியும் ஒரு சொல். தீபகற்ப மலேசியாவில் சரக்கு வாகன உரிமங்களை அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் 2019-ஆம் ஆண்டு முதல் கவனித்து வருகிறது. சொந்தச் சரக்கை ஏற்றுவதற்கு ‘சி’ உரிமம் என்றும், பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுவதற்கு ‘ஏ’ உரிமம் என்றும் பிரிவு உண்டு. சொந்தச் சரக்குக்கான உரிமம் மட்டும் உள்ளவர் ஆலயத்திடம் கூலி பெற்று நாற்காலிகளை ஏற்றினால் அது உரிமத்தை மீறியதாகக் கொள்ளப்படலாம். ஆகவே சம்பளம் பேசி அமர்த்துவதாயின் அதற்குரிய உரிமம் பெற்ற லோரியையே அமர்த்துக. உபயமாயின் உபயமாகவே இருக்கட்டும். மாலை மரியாதையும் பிரசாதமும் போதும்.

இரதத்தை இழுப்பதற்கென்று லோரியின் பின்புறம் கொக்கியைப் பற்றவைக்கும் அன்பர்களும் உளர். வாகனத்தின் அமைப்பில் மாற்றம் செய்ய ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். பட்டறைக்காரர் சொல்வது ஒப்புதல் ஆகாது.

இரதத்தின் உயரத்தைப் பற்றிய பொறுப்பு லோரிக்காரருடையதன்று, நிர்வாகத்தினுடையது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உராய்ந்து 11 பேர் மாண்டனர். உச்சிக் கலசமும் மின் அலங்காரமும் சேர்த்து அளந்த உயரத்தைப் பாதை வரைபடத்துடன் மின்சார வாரியத்திடம் முன்கூட்டியே கொடுத்து, கம்பிகள் தாழ்ந்திருக்கும் இடங்களைக் கேட்டறிய வேண்டும்.

நிர்வாகத்தினர் செய்யத்தக்கது இதுவே: கொடியேற்றத்திற்குக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்னர் லோரி உபயக்காரரை அலுவலகத்திற்கு அழைத்து, காப்புறுதிச் சான்றிதழ், சாலை வரி, பரிசோதனைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களைப் பெற்றுக் கோப்பில் வைத்தல் வேண்டும். ‘சாமி காரியத்துக்குப் போய்ப் பத்திரம் கேட்கிறீர்களே’ என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்ட பிறகு சுளிக்கட்டும். காப்புறுதி நிறுவனத்தின் பதில் கிடைக்க இரண்டு வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் பதில் வராவிடில், அவ்வாண்டு இரதத்தை ஆலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் மட்டும் வடம் பிடித்து இழுப்பதற்கு ஆட்களைத் திரட்டத் தொடங்கிவிடலாம்.