நாலு பேர் சேர்ந்தால் ஒரு பிள்ளை படிக்கும்

திருப்பதியில் ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலை செய்கிற அன்பர் ஒருவர். சோளிங்கருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவருக்குச் சொந்த ஊர். மாதம் ஒரு முறை ஊருக்குப் போய் வருவார். சென்ற ஆண்டு மே மாதம் போயிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியிருந்தாள். தகப்பனார் இல்லை. தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்.

"மேலே படிக்க வைக்கிறீங்களா, அக்கா?" என்று கேட்டார் நம் அன்பர்.

"படிப்பு இலவசம்தான் தம்பி. வீட்டு அடுப்பு இலவசமா எரியுமா?" என்று திருப்பிக் கேட்டாராம் அந்த அம்மாள். வெளியூர் மில் ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். முன்பணமாக ஐயாயிரம் ரூபாய் கைமாறிவிட்டது. பெட்டி கட்ட வேண்டியதுதான் பாக்கி.

நம் அன்பருக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. திருப்பதிக்குத் திரும்பியதும் உடன் தங்கியிருக்கும் நான்கு பேரிடம் இதைச் சொன்னார். ஐந்து பேரும் ஆளுக்கு ஆயிரம் போட்டு ஏஜெண்டின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு மாதம் ஆளுக்கு முந்நூறு ரூபாய் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பெண் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

இது பெரிய தர்ம ஸ்தாபனம் செய்த காரியம் அல்ல. ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து ரூபாய், அதாவது ஒரு டீயின் விலை. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்புவது என்பது அந்த டீக்காசில் நின்றது.

கட்டணம் அல்ல, கூலி

அரசுப் பள்ளியில் சம்பளம் கட்ட வேண்டியதில்லை, புத்தகம் இலவசம், சீருடை இலவசம், மதிய உணவும் உண்டு, பிறகு எதற்கு மற்றவர் உதவி என்று நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். விடை அந்தத் தாயாரின் சொல்லிலேயே இருக்கிறது. ஏழைக் குடும்பத்தில் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் பள்ளிக் கட்டணம் அல்ல. அந்தப் பிள்ளை வேலைக்குப் போனால் வரக்கூடிய கூலி. நகரி, புத்தூர்ப் பக்கம் தறி வீடுகள், சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஆலைகள், வெல்ல மண்டிகள், திருப்பதியில் ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் இருக்கின்றன. கை நீண்ட பிள்ளைக்கு எங்கும் வேலை காத்திருக்கிறது.

இதில் வயதுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கே உரிமை தருகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பதினான்கு தாண்டியவர்களுக்கு ஆபத்தான தொழில்கள்தாம் தடை. ஆகவே பதினான்கு வயதில் பள்ளியின் பிடி தளர்கிறது. அதே நாளில் பட்டறையின் கதவு திறக்கிறது. தமிழ்நாட்டில் சத்துணவும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆந்திரத்தில் 2025 ஜனவரியில் அரசு ஜூனியர் கல்லூரிகளுக்கும் மதிய உணவை நீட்டித்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளே பிள்ளை நழுவுகிற இடம். நம் கை நீள வேண்டிய இடமும் அதுதான்.

ஊரார் நடத்திய பள்ளிக்கூடம்

இது நமக்குப் புதிய வழக்கமல்ல. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க ஏற்பாடு செய்தார். முதலமைச்சர் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது முதலில் பெரிதும் பொதுமக்கள் கொடுத்த அரிசியிலும் பணத்திலுமே நடந்தது. அரசு நிதி பின்னால் வந்தது.

திருப்பதியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்களுக்குக் கடம்பத்தூர் என்ற சிறு நிலையம் தெரிந்திருக்கும். அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் இடையே இருக்கிறது. அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் அந்த ஊரில்தான் தொடங்கின. தங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன குறை என்று ஊராரே பட்டியல் போட்டு, கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், கட்டடம் என்று அவரவர் சக்திக்கு ஏற்பக் கொடுத்தார்கள். செல்வந்தர் மட்டும் கொடுத்ததல்ல; ஒரு பெஞ்சு வாங்கிக் கொடுத்தவரும் கொடையாளர்தான்.

அப்போது திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரலில்தான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கோடு மாறினாலும் இரு பக்கத்து ஊர்களும் ஒன்றோடொன்று பெண் கொடுத்து, பெண் எடுத்து, வேலைக்கு வந்து போய் வாழ்கின்றன.

நாம் இருக்கும் ஊரிலேயே

திருமலைக்கு வருகிற காணிக்கையில் ஒரு பகுதி பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது என்பதை இங்கேயே வேலை செய்யும் நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்காகத் தேவஸ்தானம் 1943இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வர பாலமந்திர் திருப்பதியில் இருக்கிறது. உணவு, உடை, தங்குமிடம், படிப்பு எல்லாம் அங்கே. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்க ஸ்ரீ வேங்கடேஸ்வர வித்யாதான டிரஸ்ட் என்ற அமைப்பையும் தேவஸ்தானம் நடத்துகிறது. 1954இல் தொடங்கிய வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இதே ஊரில்தான். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்கு மேற்படிப்புக்கான வாசல் வெகு தூரத்தில் இல்லை. அந்த வாசல் வரை கொண்டுவந்து விடுவதுதான் பெரும்பாடு.

பெரிய அளவில் இதைச் செய்தவர்களும் உண்டு. நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' என்ற திட்டத்தில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைத்து வருகிறது. விண்ணப்பத்தை மட்டும் நம்பாமல் வீட்டுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வது அவர்கள் வழக்கம்.

மாதச் சம்பளக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டியவர் பாலம் கலியாணசுந்தரம். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கலைக் கல்லூரியில் நூலகராக இருந்தவர். தம் சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தம் செலவுக்கு ஓட்டலில் வேலை செய்தவர். 1998இல் 'பாலம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப் போல முழுச் சம்பளத்தையும் கொடுக்க நம்மால் ஆகாது. ஒரு நாள் கூலியைக் கொடுக்க ஆகும்.

இப்படிக் கொடுப்பதால் பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் ஒரு சேதி. வெளிநாட்டில் 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, அகதிக் குழந்தைகளை ஆளுக்கு ஒருவராகப் பொறுப்பேற்கும் திட்டத்தை ஆங்கிலப் பத்திரிகையாளர் ஜான் லாங்டன் டேவிஸ் தொடங்கினார். அந்த வழியில் வந்த ஒரு திட்டத்தை இந்தியா உள்பட ஆறு நாடுகளில் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஓராண்டு முதல் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். கேட்கச் சிறிதாக இருக்கலாம். பத்தாவதில் நின்றுவிடாமல் மேலே ஏறுவதற்கு அந்த ஓராண்டுதானே வேண்டும்?

இரண்டு அரசுக்கும் நடுவே

எல்லைப் பகுதியில் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. குடும்பம் இங்கே, ரேஷன் கார்டு அங்கே. ஆந்திர அரசு 2020 ஜனவரியில் 'அம்ம ஒடி' திட்டத்தைச் சித்தூரில்தான் தொடங்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய். ஆட்சி மாறியபின் 2025இல் 'தல்லிக்கி வந்தனம்' என்ற பெயரில் வேறு திட்டம் வந்தது. இவற்றுக்கெல்லாம் ஆந்திர ரேஷன் கார்டு வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்தில், கல்லூரி மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அந்த மாநில அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

எட்டாம் வகுப்பில் பிள்ளையை இங்கே கூட்டிவந்து, வேலை சரிப்படாமல் பத்தாம் வகுப்பில் திரும்ப அழைத்துப் போனால் இரண்டு பக்கமும் கிடைக்காது. பாட மொழியும் மாறும். ஆகவே, இடம் பெயரும் முன் பிள்ளையின் படிப்புக் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வருவது சில சமயம் நல்லது. அப்படி விடப்பட்ட பிள்ளைக்கு ஊரில் பொறுப்பாக ஒருவர் இருப்பதும் படிப்பு உதவியில் சேர்ந்ததே.

குமாஸ்தாவின் பேனா

பணமில்லையே என்று பின்வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீசில் வேலை பார்க்கிற நம்மிடம் பணத்தைவிட மதிப்புள்ள ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பத் தெரியும். எந்தச் சான்றிதழ் எந்த ஆபீசில் கிடைக்கும் என்று தெரியும்.

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மத்திய அரசின் திறனறித் தேர்வு ஒன்று உண்டு. அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய். நான்கு ஆண்டுக்கு நாற்பத்தெட்டாயிரம். அந்த ஓட்டல் அன்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து இரண்டு ஆண்டில் கொடுப்பது முப்பத்தாறாயிரம்தான். வருமானச் சான்று வாங்கித் தருவதற்கு ஒரு நாள் லீவு, படிவம் நிரப்ப ஒரு மாலை, பழைய கேள்வித்தாளை வைத்துச் சில ஞாயிற்றுக்கிழமைகள் சொல்லிக் கொடுத்தால் போதும். ஒரு பிள்ளை தேறிவிட்டால் அந்தச் சில நாள் உழைப்பின் மதிப்பை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எப்படிச் செய்வது?

இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லும் யோசனைகள் இவை:

சொந்த ஊரிலோ, இப்போது குடியிருக்கும் தெருவிலோ ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருந்தால்தான் போய்ப் பார்க்க முடியும். சாதி பார்த்தோ உறவு பார்த்தோ முடிவு செய்யாமல் தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். யார் அடிக்கடி வராமல் போகிறார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

தனி ஆளாக இறங்க வேண்டாம். நாலைந்து பேர் சேருங்கள். ஒருவருக்கு வேலை போனாலும் மற்றவர்கள் தாங்குவார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். காசு விஷயத்தில் நட்பு கெடாமல் இருக்க அதுதான் வழி.

பணத்தைத் தாயார் கையில், மாதத்தின் முதல் வாரத்தில் கொடுங்கள். இரண்டு ஆண்டு என்று சொன்னால் இரண்டு ஆண்டும் கொடுக்க வேண்டும். பாதியில் விடுவது தொடங்காமல் இருப்பதைவிடக் கெடுதல். முடியுமா என்று முதலிலேயே யோசித்துவிட்டு வாய் திறவுங்கள்.

கண் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாமலே மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் பலர். ஒரு மூக்குக் கண்ணாடி போதும்.

போட்டோ எடுக்க வேண்டாம், மேடை போட வேண்டாம். கொடுப்பது வெளியே தெரிந்தால் வாங்குகிற பிள்ளை பள்ளியில் தலை குனியும். மதிப்பெண் குறைந்தால் "உனக்காக எவ்வளவு செலவழிக்கிறோம்" என்று சொல்லவே கூடாது.

டிசம்பரில் நடந்தது

மீண்டும் அந்த ஓட்டல் அன்பர்களிடம் வருவோம். சென்ற டிசம்பரில் ஐவரில் ஒருவர் வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்டார். இன்னொருவர் மனைவிக்குப் பிரசவ செலவு. அந்த மாதம் தொள்ளாயிரம் ரூபாய்தான் சேர்ந்தது. விட்டுவிடலாமா என்று இரவு வேலை முடிந்தபின் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசினார்கள். அதே ஓட்டலில் கல்லாவில் உட்காரும் குமாஸ்தா, அதுவரை இந்த விஷயமே தெரியாதவர், பேச்சைக் கேட்டுவிட்டு, "நோட்டைக் கொண்டுவா, பார்ப்போம்" என்றார். குறைந்த அறுநூறை அவர் போட்டார். அன்று முதல் கணக்கு எழுதுவதும் அவரே.

அந்தப் பெண்ணுக்கு இவர்கள் ஐவரின் பெயரும் தெரியாது. பக்கத்து வீட்டு மாமா ஏதோ ஏற்பாடு செய்கிறார் என்று மட்டும் தெரியும். சென்ற முறை ஊருக்குப் போனபோது, அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களை அடுக்கிக் கொண்டுவந்து அவரிடம் காட்டினாளாம். "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தேன்" என்றார் அவர்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நாமும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு நடை போய் வரலாம். பெயர் பதிவேட்டில் இருந்தும் வகுப்பில் இல்லாத பிள்ளை யார் என்று கேட்கலாம். அந்த வீட்டைத் தேடிப் போவது பிறகு கஷ்டமாக இராது. நம் ஊர்தானே!