வீட்டில் பிறந்த கோமாளி மீன்: குஞ்சு விற்பவர் கணக்கு

பருப்பு மூட்டை ஒரு வாரம் கூடுதலாகக் கடையில் கிடந்தால் பெரிய நஷ்டமில்லை. மீன் அப்படியல்ல. ராத்திரி நீந்தியது காலையில் மிதக்கும். ஆனாலும் வண்ண மீன் வியாபாரத்தில் இறங்கும் நம் வணிகர்கள் சிலர் கோமாளி மீனைப் பற்றி விசாரிப்பதால் இதை எழுதுகிறோம்.

ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டை. 2003இல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்தபின் பிள்ளைகள் இதை நீமோ என்றே கேட்கிறார்கள். பவளப் பாறைகளில் பிடித்து விற்ற இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கலாம் என்பதைப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள்.

நன்கு பராமரித்த ஜோடி மாதம் இரண்டு முறை, முறைக்குச் சில நூறு முட்டை இடும். சுமார் ஒரு வாரத்தில், இருட்டியபின் பொரிக்கும். குஞ்சின் வாய் மிகச் சிறியது. ரோட்டிபர் என்னும் நுண்ணுயிரை உயிரோடு கொடுத்தாக வேண்டும். ரோட்டிபருக்குத் தீனி பச்சைப் பாசி. ஆக, மீன் வளர்ப்பவர் பாசியும் வளர்க்க வேண்டும், ரோட்டிபரும் வளர்க்க வேண்டும்! பிறகுதான் ஆர்டீமியா. பெரும் சேதம் முதல் பத்து நாளில்தான். ஆனால் பட்டை விழுந்ததும் காசு வந்துவிட்டதாக எண்ணுவது பாதிக் கிணறு தாண்டிய கதை.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒன்றரை மாதக் குஞ்சுகள் நாற்பதை ஒரு கடைக்குக் கடனுக்குக் கொடுத்தார். கடைத் தொட்டியின் உப்பளவு வேறு. நான்காம் நாள் பாதி செத்தது. "செத்ததற்கு எப்படி சார் பணம் தருவது?" என்றார் கடைக்காரர். என்னைக் கேட்டால் தவறு இருவர் மேலும்தான்.

மூன்று, நான்கு மாதமாகி ஓர் அங்குலம் வளர்ந்து, உலர் தீனியைத் தானே தேடித் தின்னும் குஞ்சுதான் விற்பனைச் சரக்கு. வாங்குபவர் கண் முன்னே தீனி போட்டுக் காட்டுங்கள். செவுள் மூடி குட்டையானதை நல்லதோடு கலக்காமல் குறையைச் சொல்லி விலை குறைத்துக் கொடுங்கள். பட்டை அரைகுறையாக விழுந்ததை விரும்பி வாங்குவோரும் உண்டு. அனுப்புவதற்கு முன்தினம் தீனி நிறுத்தி, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் நிரப்பித் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். நேற்று தொட்டி வாங்கியவருக்கு இன்று மீன் விற்காதீர்கள். புதுத் தண்ணீரில் அம்மோனியா ஏறிக் கொல்லும், பழி நம் மேல் விழும்.

ஜோடி கேட்பவருக்கு ஆண், பெண் பார்த்துத் தர வேண்டியதில்லை. குஞ்சில் அந்தப் பேதம் கிடையாது. சேர்ந்து வளரும்போது பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆணாகும். எனவே பெரிது ஒன்று, சிறிது ஒன்று கொடுத்தால் போதும். கடல் சாமந்தி இல்லாமலும் தொட்டியில் நன்றாக இருக்கும்.

மேலே சொன்னவர் இப்போது கடைத் தண்ணீரை முதலில் ஒரு பாட்டிலில் வாங்கி வந்து உப்பு பார்த்து, தன் தொட்டியை அதற்குச் சரிசெய்த பிறகே குஞ்சு அனுப்புகிறார். அதே கடைக்காரர்தான் இன்றும் வாங்குகிறார், ரொக்கத்துக்கு.