மண்டலம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

ஆடி முடிந்து கூழ் வார்த்தலும் தீமிதியும் ஓய்ந்ததும் எங்கள் மனநலப் பிரிவில் கூட்டம் ஏறும். இந்த ஆண்டும் அப்படித்தான். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். மணிக்கட்டிலிருந்து பாதிக் கை வரை கறுப்பும் சிவப்புமாகக் கயிறுகள். அவன் அம்மா நீட்டிய மஞ்சள் பையில் ஒரு மருந்துச் சீட்டுகூட இல்லை. ஜாதகம், மந்திரித்த தகடு, பல ஊர்த் திருநீற்றுப் பொட்டலங்கள், பரிகாரத்துக்குப் பணம் கட்டிய ரசீதுகள். "எல்லாம் பார்த்தாச்சு சார், கடைசியா உங்ககிட்ட வந்திருக்கோம்" என்றார். பையனுக்குக் காதில் குரல் கேட்கத் தொடங்கியது தை மாதத்தில். மனச்சிதைவு நோயில் சிகிச்சை தள்ளிப்போகத் தள்ளிப்போக, தேறுவதும் கடினமாகிறது.

கோயிலுக்குப் போனது தப்பா?

இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். மருந்து இல்லாமலே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே அடி இல்லை, மிரட்டல் இல்லை. குடும்பத்தார் கூடவே தங்கினார்கள், நோயாளிகள் கோயில் வேலைகளில் கை கொடுத்தார்கள். நம்பிக்கையும் மனிதத் துணையும் தரும் பலம் அது. ஆனால் மிச்சமிருக்கும் நோயை என்ன செய்வது? அதற்குத்தான் மருந்து.

"பேய் பிடிச்சிருக்கு"

அதிகம் கேட்கும் பேச்சு இது, அதிகம் கெடுப்பதும் இதுதான். பிள்ளை பெற்ற இரண்டு வாரத்துக்குள் ஒரு பெண் தூங்காமல், தனக்குத்தானே பேசி, "இது என் பிள்ளையே இல்லை" என்கிறாள். பச்சை உடம்பில் ஏதோ புகுந்துவிட்டது என்று கோடாங்கியிடம் கூட்டிப் போகிறார்கள். பேறுகாலத்துக்குப் பிந்தைய மனநோய் அது. தாய், சேய் இரண்டு உயிருக்கும் ஆபத்தான அவசரநிலை. உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார்கள்.

பேச்சு நின்று, சோறு இறங்காமல், வைத்த கை வைத்தபடி சிலைபோல உட்கார்ந்திருப்பவரை "மௌனத்தில் இருக்கார்" என்று கும்பிடுகிறார்கள். அதுவும் நோய்தான். ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே அப்படிப்பட்ட பலர் தண்ணீர் கேட்பார்கள். திடீரென்று குணம் மாறி வலிப்பும் வந்தால் மூளை அழற்சியாகவும் இருக்கலாம். இவர்களுக்கு மிளகாய்ப் புகை போடுவதும், கண்ணில் எலுமிச்சைச் சாறு பிழிவதும், பட்டினி போட்டுச் சாட்டையால் அடிப்பதும் எந்தச் சாமிக்கு அடுக்கும்?

சாமி ஆடுவது நோயா?

கொடை விழாவில் அருள் வந்து ஆடி, குறி சொல்லி, திருநீறு பூசியதும் இறங்கி, மறுநாள் வயல் வேலைக்குப் போகிறவருக்கு எந்த நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் வழக்கத்தோடு ஒட்டிய அருளாட்டத்தை நோயாகக் கொள்வதில்லை. விழாவுக்குச் சம்பந்தமில்லாமல், தன் விருப்பத்தை மீறி அடிக்கடி வந்து, வீட்டையும் வேலையையும் குலைத்தால்தான் எங்களிடம் வரவேண்டும்.

யாரும் வெளியே சொல்லாத துன்பம் ஒன்று உண்டு. சன்னிதியில் நிற்கும்போதே சாமியைப் பற்றி ஆபாசமான எண்ணம் பாய்ந்து வரும். "நான் பாவி" என்று தலைமுழுகி, மந்திரத்தை எண்ணி எண்ணிச் சொல்லி, எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். எல்லா மதத்தாரிடமும் பார்க்கிறேன். இது எண்ணச் சுழற்சி நோய். பக்தி உள்ளவர்களுக்குத்தான் இப்படி உறுத்தும். பரிகாரம் செய்யச் செய்ய நோய் வளரும். மாத்திரையும் முறையான உளவியல் பயிற்சியும்தான் குறைக்கும்.

மாலை போட்டால் மாத்திரை கூடாதா?

யார் சொன்னது? எந்தக் குருசாமியும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை, மனநல மாத்திரையை மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள்? நோன்பு இருப்பதென்றால் முன்கூட்டியே கேளுங்கள், பலருக்கு வேளையை மாற்றித் தர முடியும். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தால் ரத்தத்தில் மருந்து ஏறி நஞ்சாகிவிடலாம். பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரை வாங்குவதும், குடியை நிறுத்துகிற பொடி என்று எதையோ குழம்பில் ரகசியமாகக் கலப்பதும் எத்தனை தடவை சொன்னாலும் நிற்கவில்லை. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்றவனிடமாவது கேட்டீர்களா?

பரிசோதனை

உடல் நோய் ஏதும் காரணமா என்று அறிய நாங்கள் பார்ப்பவை: ரத்தம், தைராய்டு, தேவைப்பட்டால் மூளை ஸ்கேன், இ.இ.ஜி.

கையெடுத்துக் கேட்கிறேன்

சங்கிலி வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் பிற்பாடு துஆ எனும் வேண்டுதலோடு மருந்தும் கொடுக்க அரசே ஏற்பாடு செய்தது. பூசாரிகளே, பாதிரிமார்களே, ஹஜ்ரத்துகளே, உங்கள் சொல்லை மக்கள் கேட்கிறார்கள். திருநீறு கொடுங்கள், ஜெபியுங்கள், ஓதுங்கள்; கையோடு "டாக்டரையும் பாருங்க" என்று சொல்லுங்கள்.

வீட்டாரே, நேர்த்திக்கடனை நிறைவேற்றுங்கள், நான் குறுக்கே வரவில்லை. அதே வாரத்தில் அரசு மருத்துவமனைக்கும் வாருங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இரவிலும் பேசலாம், காசு இல்லை. ஆனால் சாகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னாலோ, பிள்ளை பெற்றவள் தூங்காமல் பிதற்றினாலோ, நல்ல நாள் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள்.