உஷார்! புரிந்த கணக்கெல்லாம் போட்ட கணக்கு அல்ல

ஓர் எண்ணின் வர்க்கம் 16. அந்த எண் பெரியதா, 4 பெரியதா?

“ரெண்டும் சமம்” என்று வாய் முந்திக்கொண்டதா? போச்சு! மைனஸ் 4-இன் வர்க்கமும் 16தான். எண் இதுவா அதுவா என்று தெரியாதபோது, ‘கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது’ என்பதே சரியான விடை. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஜி.ஆர்.இ. எழுதும் நம் பிள்ளைகள் கணக்கில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

“இன்ஜினீயரிங் கணக்கையே பார்த்தாச்சு, இது ஸ்கூல் கணக்குதானே!” என்ற மிதப்புதான் முதல் ஆபத்து. கால்குலஸ் கிடையாது, திரிகோணமிதி கிடையாது என்பதெல்லாம் நிஜம். ஆனால், பாடம் எளிது என்பதால் பொறியை வார்த்தைக்குள் வைக்கிறார்கள். ‘முழு எண்’ என்று போட்டிருக்கிறதா, வெறும் ‘எண்’ என்றா? வெறும் எண் என்றால் பூஜ்யம், பின்னம், மைனஸ் மூன்றையும் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

சீனியர் கொடுத்த புத்தகமா?

எந்த வருடத்துப் புத்தகம் என்று முதலில் பாருங்கள். 2023 செப்டம்பர் 22 முதல் தேர்வு சுருங்கிவிட்டது. முன்பு ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். இப்போது 1 மணி 58 நிமிடம். கணக்கில் 40 கேள்விகள் இருந்த இடத்தில் இன்று 27தான்: முதல் பகுதியில் 21 நிமிடத்தில் 12, இரண்டாவதில் 26 நிமிடத்தில் 15.

“பாதியாயிடுச்சு, ஜாலி!” என்று குதிக்காதீர்கள். வகுத்துப் பாருங்கள். ஒரு கேள்விக்கு அன்றைக்கும் சுமார் ஒண்ணே முக்கால் நிமிடம், இன்றைக்கும் அதேதான். கேள்வி குறைந்ததால் ஒவ்வொரு தப்பின் விலைதான் ஏறியிருக்கிறது. அதுவும் முதல் பகுதியை எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பகுதி எவ்வளவு கடினமாக வரும் என்பது முடிவாகும். ஆரம்பத்தில் சறுக்கினால், கடைசியில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு பலிக்காது. பழைய புத்தகத்தின் கணக்குகள் உதவும். அதிலுள்ள மாதிரித் தேர்வின் கடிகாரம் உதவாது.

கையில் கேசியோவா?

தூர வையுங்கள். தேர்வில் கிடைப்பது திரையில் தெரியும் சாதாரண கால்குலேட்டர் மட்டுமே. வடிவியல் படத்தையும் கண்ணால் அளக்காதீர்கள். செங்கோணம் போலத் தெரிவது 87 டிகிரியாகவும் இருக்கலாம். அளவுப்படி வரைந்திருப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. கூடவே ‘கேட்’ தேர்வுக்கும் படிப்பவரா? அங்கே தப்பான ஆப்ஷனுக்கு மதிப்பெண் குறையும் என்பதால் தெரியாததை விட்டுவிடப் பழகியிருப்பீர்கள். இங்கே அப்படிக் குறைப்பது இல்லை. ஒன்றைக்கூட வெறுமனே விடாதீர்கள்.

“ஒரிஜினல் கொஸ்டின் இருக்கு”

வாட்ஸ்அப்பில் இப்படி யாராவது ஆசை காட்டினால் பணம் கொடுக்காதீர்கள். பாதி பி.டி.எஃப்.களில் விடைக்குறிப்பே தப்பாக இருக்கும். சரியாகப் போட்ட பிள்ளை ராத்திரி முழுக்கத் தன் மூளையைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நிஜமாகவே கசிந்த கேள்வி என்றால் இன்னும் மோசம். 2002-இல் இணையத்தில் கேள்விகள் உலவியதால் சீனா, தைவான், தென்கொரியாவில் கணினி வழித் தேர்வையே நிறுத்திவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பினார்கள். ஒழுங்காகப் படித்தவர்களும் சேர்ந்தே அவதிப்பட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி

அது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கணக்கைப் படிக்கிறோம், அரை நிமிடம் முழிக்கிறோம், விடைப்பக்கத்தைப் புரட்டுகிறோம். “அட, இவ்வளவுதானா!” இப்படியே ஒரே நாளில் நாற்பது கணக்கு ‘முடிந்துவிடும்’. உண்மையில் ஒன்றுகூட நீங்கள் போடவில்லை. அடுத்தவர் நீச்சலடிப்பதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். தேர்வு அறையில் புரட்டுவதற்குப் பின்பக்கம் இருக்காது.

என்ன செய்யலாம்? வரவில்லை என்றாலும் ஐந்து நிமிடமாவது கணக்கோடு மல்லுக்கட்டுங்கள். பிறகு விடையில் ஒரு வரி மட்டும் பார்த்து மூடிவிட்டு, மீதியை நீங்களே போடுங்கள். தப்பானதைத் தனி நோட்டில் எழுதி, காரணத்தையும் பக்கத்தில் குறியுங்கள்: தெரியவில்லையா, தப்பாகப் படித்தேனா, அவசரமா? நாலு நாள் கழித்து அதே கணக்கை வெள்ளைத்தாளில் போடுங்கள். வந்தால்தான் அது உங்கள் கணக்கு. தேர்வை நடத்தும் இ.டி.எஸ். ‘பவர்பிரெப்’ என்ற பெயரில் இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே தருகிறது. ஆர்வக்கோளாறில் முதல் வாரமே இரண்டையும் தீர்த்துவிடாதீர்கள்; ஒன்றைக் கடைசிக்கு வையுங்கள்.

சரி, இப்போது ஒரே ஒரு கணக்கு. ஓர் எண்ணின் வர்க்கம் 16. அந்த எண் பெரியதா, 5 பெரியதா?

“சொல்ல முடியாது” என்றீர்களா? உஷார்! 4 என்றாலும் மைனஸ் 4 என்றாலும், 5தான் பெரியது. மேலே படித்த விடை நினைவிருந்தது, கணக்கைத்தான் போடவில்லை.